24 மணி நேர டியூட்டியும் இரண்டரை நிமிட ஒப்படைப்பும்

பயிற்சி மருத்துவரை ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் டியூட்டியில் வைக்கலாம்? அமெரிக்காவில் இதற்கு 2004-இல் ஒரு பதில் கிடைத்தது. 2016-இல் அதை மறுப்பதுபோல் இன்னொரு பதில் வந்தது. 2004 ஆய்வை முன்னின்று நடத்திய கிறிஸ்டஃபர் லாண்ட்ரிகனே 2020-இல் நடத்திய ஆய்வு, அவருடைய பழைய முடிவுக்கு நேர்மாறாக வந்து நின்றது. மூன்றும் ஒரே இதழில், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில், வெளியானவை. மூன்றும் கவனமாகச் செய்யப்பட்டவை.

இவற்றைத் தனித்தனியே படிப்பவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய்விடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். சேர்த்துப் படித்தால் வேறொன்று புலப்படும். ஷிஃப்ட்டின் நீளத்தைக் குறைக்கும்போது அது மட்டும் தனியாகக் குறைவதில்லை. ஒரு நாளில் நடக்கும் பணி ஒப்படைப்புகள், அதாவது டியூட்டி முடிந்தவர் தன் நோயாளிகளை அடுத்தவரிடம் விவரம் சொல்லி விட்டுப்போவது, கூடுகின்றன. ஆள் சேர்க்காவிட்டால், ஒரு மருத்துவர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டிய நோயாளிகளும் கூடுகிறார்கள். தூக்கத்தால் கிடைக்கும் லாபத்தை இந்த இரண்டும் எந்த அளவுக்குத் தின்றுவிடுகின்றன என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு ஆய்வின் முடிவும் அமைந்திருக்கிறது.

தூக்கம் பற்றி ஐயம் இல்லை

தூக்கமின்மை மூளையை மழுங்கடிக்கும் என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை கிடையாது. 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டிய ஒரு கணினிப் பயிற்சியைக் கொடுத்துச் சோதித்தது. 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் திறன், ரத்தத்தில் 0.05% மது உள்ளவர்களின் திறனுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10% அளவை எட்டியது. அந்த நிலையில் வண்டி ஓட்டினால் பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

பயிற்சி மருத்துவர்கள் வண்டியும் ஓட்டுகிறார்கள். 2005-இல் வெளியான ஆய்வில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்கள் 2,737 பேர் மாதந்தோறும் தங்கள் பணி நேரத்தையும் விபத்துகளையும் பதிவுசெய்தார்கள். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட டியூட்டி முடிந்து வீடு திரும்பும்போது அவர்கள் வாகன விபத்தில் சிக்கும் வாய்ப்பு, சாதாரண ஷிஃப்ட்டுக்குப் பிறகு இருப்பதைப்போல் 2.3 மடங்கு.

ஆக, நீண்ட டியூட்டி மருத்துவருக்குக் கெடுதல். அது நோயாளியையும் அதே அளவு பாதிக்கிறதா என்பதுதான் சிக்கலான கேள்வி.

2004: பிழை குறைந்தது, ஆனால் எப்படி?

1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட 18 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனார். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட பெல் குழு இரண்டு குறைகளைச் சுட்டிக்காட்டியது: பயிற்சி மருத்துவர்களின் அளவு மீறிய பணி நேரம், மூத்த மருத்துவர்களின் போதாத மேற்பார்வை. ஊடகங்களில் முதலாவதே நின்றது. மணி நேரத்தை எண்ணிவிடலாம், மேற்பார்வையை எண்ணுவது கடினம் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேர வரம்பைக் கொண்டுவந்தது. 2003-இல் நாடு முழுவதும் அதே வரம்பு விதிக்கப்பட்டது. 2011-இல் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு ஷிஃப்ட் 16 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றானது.

இந்த 16 மணி நேரத்துக்குப் பின்புலமாக இருந்த ஆய்வுகளில் முக்கியமானது 2004-இல் வந்தது. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் இரு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரண்டு பணி அட்டவணைகளை ஒப்பிட்டார்கள். ஒன்று, மூன்று நாளுக்கு ஒருமுறை 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய முறை. மற்றது, ஷிஃப்ட்டை 16 மணி நேரத்துக்குள் அடக்கிய புதிய முறை. மருத்துவர்களைப் பின்தொடர்ந்து நேரில் கவனிக்கப் பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். பழைய முறையில் 1,000 நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் ஒரு நோயாளி-நாள்) 136.0 தீவிரப் பிழைகள். புதிய முறையில் 100.1. நோயைத் தவறாகக் கணிக்கும் தீவிரப் பிழைகள் பழைய முறையில் 5.6 மடங்கு.

செய்தித்தாள்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டன. ஆய்வின் செயல்முறைப் பகுதியில் இன்னொரு விவரம் இருக்கிறது. பழைய முறையில் வேலையைப் பகிர்ந்துகொண்டவர்கள் மூன்று பயிற்சி மருத்துவர்கள்; புதிய முறையில் நான்கு பேர். அதாவது ஆய்வு சோதித்தது குறுகிய ஷிஃப்ட்டை மட்டுமன்று, குறுகிய ஷிஃப்ட்டோடு ஓர் ஆளையும் சேர்த்து. 2011 விதியைப் பின்பற்றிய பயிற்சித் திட்டங்களுக்கு மணி நேர வரம்பு கட்டாயமாக இருந்தது. கூடுதல் ஆள் கட்டாயமாக இல்லை.

2016, 2019: வேறுபாடு தெரியவில்லை என்றால் என்ன பொருள்?

அடுத்து வந்த இரண்டு பெரிய சோதனைகள் மருத்துவர்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் பயிற்சித் திட்டங்களையே குலுக்கல் முறையில் பிரித்தன. ஒரு பாதி 16 மணி நேர விதியின்படி நடந்தது. மறுபாதிக்கு ஷிஃப்ட் நீளத்தில் விலக்கு கிடைத்தது. வாரத்துக்கு 80 மணி என்ற வரம்பு இரு பக்கத்துக்கும் பொது. இதை மறந்துவிட்டு ‘வரம்பே தேவையில்லை என்று ஆய்வு சொல்லிவிட்டது’ என்று பேசுவோர் உண்டு. அந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவே இல்லை.

ஃபர்ஸ்ட் எனப்படும் முதல் சோதனை அறுவை சிகிச்சைத் துறையில் நடந்தது: 117 பயிற்சித் திட்டங்கள், 151 மருத்துவமனைகள், 1,38,691 நோயாளிகள். 30 நாளுக்குள் இறப்போ கடுமையான சிக்கலோ நேர்ந்தவர்கள் ஒரு பக்கம் 9.1%, மறுபக்கம் 9.0%. ஆனால், நடுவில் அறுவை சிகிச்சையை விட்டுப் போக நேர்ந்ததாகச் சொன்ன பயிற்சி மருத்துவர்கள் நீண்ட ஷிஃப்ட் பக்கத்தில் 7.0%, குறுகிய ஷிஃப்ட் பக்கத்தில் 13.2%. நோயாளியின் பிரச்சினை தீராத நிலையில் அவரை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது என்றவர்கள் 32.0%, 46.3%. குறுகிய ஷிஃப்ட்டின் விலை எங்கே விழுகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

ஐ-கம்பேர் என்ற இரண்டாவது சோதனை பொது மருத்துவத்தில் 63 திட்டங்களில் நடந்தது. அதன் இறப்பு விவரம் 2019-இல் வந்தது. நீண்ட ஷிஃப்ட் அனுமதித்த பக்கத்தில் 30 நாள் இறப்பு விகிதம் 12.6%-லிருந்து 12.5% ஆனது. 16 மணி நேரப் பக்கத்தில் 12.7%-லிருந்து 12.2% ஆனது. இதற்கு ஆய்வாளர்கள் கொடுத்த தீர்ப்பு: நீண்ட ஷிஃப்ட் ‘மோசமானதல்ல’.

இந்தத் தீர்ப்பின் இலக்கணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘எந்த அளவு வரை மோசமானால் பொறுத்துக்கொள்ளலாம்’ என்று ஓர் எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே வகுத்துக்கொள்வார்கள். இங்கே அது 1 சதவீதப் புள்ளி. தற்செயல் ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டுக் கணக்கிட்டபோது, இரு பக்க மாற்றங்களுக்கிடையேயான வேறுபாட்டின் மேல் எல்லை 0.93 என்று வந்தது. கோட்டுக்குச் சற்று உள்ளே. ஒரு சதவீதப் புள்ளி என்பது 10,000 நோயாளிகளில் 100 பேர். புள்ளியியலில் இது முறையான எல்லை. ஆனாலும் ‘இரண்டும் ஒன்றே’ என்று அதைப் படிப்பது தவறு. ‘இதைவிட அதிகமாக மோசமில்லை’ என்பதுதான் நிறுவப்பட்டது.

இறப்பு விகிதம் மிகவும் மந்தமான அளவுகோல் என்பதும் நினைவிருக்க வேண்டும். பயிற்சி மருத்துவர் இரவு 4 மணிக்கு மருந்தின் அளவைத் தவறாக எழுதினால், அதை மருந்தாளுநர் பிடிப்பார். செவிலியர் கேள்வி கேட்பார். காலை ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் திருத்துவார். அத்தனை வலைகளையும் தாண்டி விழுவது சிலவே. 2004 ஆய்வு வலைக்கு மேலே எண்ணியது. 2016, 2019 ஆய்வுகள் வலைக்குக் கீழே எண்ணின. முடிவுகள் வேறாக இருப்பதில் வியப்பில்லை.

ஐ-கம்பேரின் துணை ஆய்வுகள் இன்னும் சுவையானவை. நீண்ட ஷிஃப்ட் பக்கத்தில் சராசரித் தூக்கம் 24 மணி நேரத்துக்கு 6.85 மணி, மறுபக்கம் 7.03. விட்ட தூக்கத்தை விடுமுறை நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் நீண்ட இரவு டியூட்டி நாளில் கிடைத்தது 5.12 மணி மட்டுமே. விழிப்புத்திறன் சோதனையில் ‘மோசமானதல்ல’ என்ற தீர்ப்பைக் கொடுக்க முடியவில்லை. திருப்தி பற்றிக் கேட்டபோது, நீண்ட ஷிஃப்ட் பக்கத்தில் பயிற்சி மருத்துவர்களின் அதிருப்தி கூடியிருந்தது; அவர்களுடைய திட்ட இயக்குநர்களின் அதிருப்தி குறைந்திருந்தது. இரவில் விழித்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கருத்து மாறுகிறது. 2017-இல் 16 மணி நேர விதி விலக்கப்பட்டு, 24 மணி நேரமும் ஒப்படைப்புக்காக மேலும் 4 மணி நேரமும் என்ற வரம்பு முதலாண்டு மருத்துவர்களுக்கும் வந்தது.

2020: பளு என்ற மூன்றாம் கை

ராஸ்டர்ஸ் என்ற 2020 ஆய்வு ஆறு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்தது. 24 மணி நேரம், அதற்கு மேல் என்றிருந்த ஷிஃப்ட்டுகளை நீக்கி, 16 மணி நேரத்துக்குள் அடக்கினார்கள். பிழைகளை மறுபடி நுணுக்கமாக எண்ணினார்கள். குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் கூடியது: 1,000 நோயாளி-நாட்களுக்கு 79.0 தீவிரப் பிழைகள் பழைய முறையில், 97.1 புதிய முறையில்.

ஆறு பிரிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் பிழை குறைந்தது, இரண்டில் மாறவில்லை, மூன்றில் கூடியது. இந்தச் சிதறலில்தான் விடை இருந்தது. பழைய முறையில் ஒரு பயிற்சி மருத்துவர் சராசரியாக 6.7 நோயாளிகளைப் பார்த்தார். புதிய முறையில் 8.8 பேர். ஷிஃப்ட்டை வெட்டிய பிரிவுகள் போதுமான ஆளைச் சேர்க்கவில்லை. இந்தப் பளு வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்தபோது, புதிய அட்டவணைக்கும் கூடுதல் பிழைக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது.

கூடுதலான 2.1 குழந்தைகள் எனும்போது சிறிய எண்ணாகத் தோன்றலாம். தீவிர சிகிச்சையில் ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்துகளின் அளவு உடல் எடைக்கேற்ப ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று தனித்தனியே கணக்கிடப்படுகிறது. வென்டிலேட்டர் அமைப்பு, திரவக் கணக்கு, ஆய்வக முடிவுகள் ஆகியவை சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. மருத்துவர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தாலும் ஒரு மணி நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டால், ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் நேரம்தான் முதலில் கரையும்.

ஒப்படைப்பில் என்ன தொலைகிறது

பளுவைச் சரிசெய்தாலும் இன்னொரு கசிவு மிஞ்சும். ஷிஃப்ட் குறுகினால் ஒப்படைப்புகள் பெருகும். ஒவ்வொரு ஒப்படைப்பிலும் ஏதாவது சிந்தும். எவ்வளவு சிந்துகிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகக் குழந்தைகள் பிரிவில் நடந்த 2010 ஆய்வு அளந்தது. ஒப்படைத்தவரிடம் ‘இந்த நோயாளியைப் பற்றி நீங்கள் சொன்ன மிக முக்கியமான செய்தி எது?’ என்று கேட்டார்கள். பெற்றவரிடமும் அதையே கேட்டார்கள். 60% நேரங்களில் அந்த முக்கியச் செய்தி போய்ச் சேரவில்லை. சொன்னவரோ சேர்ந்துவிட்டது என்றே நம்பியிருந்தார்.

காரணம் அலட்சியமன்று. நோயாளியோடு நாள் முழுக்க இருந்தவருக்குச் சில விஷயங்கள் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு வெளிப்படையாகிவிடுகின்றன. ‘பொட்டாசியம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். எதற்காகப் பார்க்க வேண்டும், எந்த எண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்பது அவர் தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இதைச் சரிசெய்யப் பலராலும் எடுத்துக்கொள்ளப்பட்ட முறை ஐ-பாஸ். 2014-இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் 10,740 அனுமதிகள் (நோயாளிச் சேர்க்கைகள்) கணக்கிடப்பட்டன. 100 அனுமதிக்கு மருத்துவப் பிழைகள் 24.5-லிருந்து 18.8 ஆயின. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 4.7-லிருந்து 3.3 ஆயின. ஒரு நோயாளிக்கான வாய்வழி ஒப்படைப்பு நேரம் 2.4 நிமிடத்திலிருந்து 2.5 நிமிடம். ‘இதற்கெல்லாம் ஏது நேரம்’ என்ற வழக்கமான ஆட்சேபத்துக்கு இந்தக் கடைசி எண்ணே பதில்.

ஐ-பாஸ் (I-PASS) முறையில் எழுத்துக்கு ஒன்றாக ஐந்து பகுதிகள். முதலில் நோயின் தீவிரம்: நிலையாக இருக்கிறாரா, நிலை குலைந்திருக்கிறாரா, அல்லது இப்போதைக்குச் சரி, ஆனால் கண் வைத்திருக்க வேண்டியவரா. இந்த மூன்றாம் வகைதான் இரவில் சறுக்குபவர். அவரைப் பெயர் சொல்லிப் பிரிப்பதே பாதி வேலை. பிறகு நோயாளிச் சுருக்கம். ஏன் சேர்க்கப்பட்டார், இதுவரை நடந்தது என்ன, தற்போதைய எண்ணம் என்ன என்று மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். முந்தைய நாள் குறிப்பை அப்படியே வெட்டி ஒட்டுவதால் கெட்டுப்போவது இந்தப் பகுதி. நிறுத்திய ஆன்டிபயாடிக் நாலு நாளாகியும் தாளில் ‘நடப்பில்’ இருக்கும். மூன்றாவது, செய்ய வேண்டியவை: ஒவ்வொன்றுக்கும் நேரமும் பொறுப்பாளரும் வேண்டும்.

நான்காவது, முன்திட்டம். ‘இரவில் மூச்சுத் திணறல் வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது எச்சரிக்கை, திட்டம் ஆகாது. ‘இப்போது 2 லிட்டர் ஆக்சிஜனில் 94% இருக்கிறார். 4 லிட்டருக்கு ஏற்றியும் 90-க்குக் கீழே போனால் மார்பு எக்ஸ்-ரேக்குச் சொல்லிவிட்டு ஐ.சி.யூ. சீனியரை நேராகக் கூப்பிடுங்கள்’ என்பது திட்டம். இதில் தொடக்க நிலை இருக்கிறது, எல்லைக்கோடு இருக்கிறது, செயல் இருக்கிறது, யாரை அழைப்பது என்பதும் இருக்கிறது. எதுவும் நடக்காது என்று எதிர்பார்த்தால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டது மறதியா முடிவா என்று பெறுபவருக்குத் தெரியாது.

ஐந்தாவது, பெறுபவர் தன் வார்த்தையில் சுருக்கித் திருப்பிச் சொல்வது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுவே. சிகாகோ ஆய்வு கண்ட ஓட்டையை நேராக அடைப்பதும் இதுவே. ‘சரி, சரி’ என்று தலையாட்டினால் செய்தி சேர்ந்ததா என்று தெரிய வழியில்லை. முழுவதையும் ஒப்பிக்கத் தேவையில்லை. தீவிரம், முக்கிய வேலை, எல்லைக்கோடு ஆகிய மூன்றையும் சொன்னால் போதும். பத்துப் பதினைந்து விநாடி ஆகும்.

நோயாளிகளின் வரிசையும் முக்கியம். 2012-இல் வந்த தீவிர சிகிச்சை ஆய்வு ஒன்று, அமர்வின் தொடக்கத்தில் பேசப்பட்ட நோயாளிகளுக்குக் கடைசியில் பேசப்பட்டவர்களைவிடக் கூடுதல் நேரம் கிடைத்ததைக் காட்டியது. நோயின் கடுமையால் அது நேரவில்லை, வரிசையில் இருந்த இடத்தால் நேர்ந்தது. படுக்கை எண் வரிசையில் போனால் கடைசிப் படுக்கைக்காரர் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க வேண்டியதுதான். தீவிரமானவரிலிருந்து தொடங்குவதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஐ-பாஸ் ஆய்வுக்கும் வரம்பு உண்டு. அது முன்-பின் ஒப்பீடு. அதே காலத்தில் பழைய முறையில் நடந்த ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஒன்பதில் ஆறு இடங்களில்தான் பிழைக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. மேலும் அது வெறும் ஐந்தெழுத்து நினைவுச்சூத்திரம் அன்று: இரண்டு மணி நேரப் பயிற்சிப் பட்டறை, ஒரு மணி நேர நடிப்புப் பயிற்சி, கணினிப் பாடம், பேராசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி, ஒப்படைப்பை நேரில் பார்த்துத் திருத்தும் படிவங்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. சுவரில் அட்டை ஒட்டிவிட்டு ‘நாங்களும் ஐ-பாஸ் செய்கிறோம்’ என்பவர்கள் ஆய்வு சோதிக்காத ஒன்றைச் செய்கிறார்கள்.

ஒப்படைப்பே கேடு என்று முடிவுகட்டுவதும் சரியாகாது. அறுவை சிகிச்சையின் நடுவே மயக்க மருத்துவர் மாறுவது பற்றி 2018-இல் கனடாவின் ஒன்டாரியோ தரவு வெளிவந்தது. 3,13,066 நோயாளிகளில், மருத்துவர் முழுமையாக மாறியவர்களில் 44% பேருக்கு இறப்போ, மறு அனுமதியோ, பெரிய சிக்கலோ நேர்ந்தது, மாறாதவர்களில் 29%. அச்சமூட்டும் இடைவெளிதான். ஆனால் நீண்டு போகும் சிக்கலான அறுவை சிகிச்சைகளில்தான் மருத்துவர் மாற வாய்ப்பு அதிகம். இத்தகைய வேறுபாடுகளைக் கணக்கில் கழித்தபோது இடைவெளி 6.8 புள்ளிகளாகச் சுருங்கியது. பிறகு ஜெர்மனியின் 12 மையங்களில் 1,817 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த ஆய்வு 2022-இல் வந்தது: மாறிய பக்கத்தில் 30%, மாறாத பக்கத்தில் 33%. தீர்க்கமான வேறுபாடு எதுவும் இல்லை. பதிவேடுகளை மட்டும் வைத்துச் செய்யும் ஒப்பீடு எங்கே வழுக்கும் என்பதற்கு மருத்துவ மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான ஜோடி கிடைப்பது அரிது.

அட்டவணையை மாற்றும் முன்

ஷிஃப்ட்டைக் குறைக்க நினைக்கும் துறை முதலில் எண்ண வேண்டியது மணி நேரத்தை அன்று. இரவு 2 மணிக்கு ஒரு மருத்துவருக்கு எத்தனை நோயாளிகள் என்பதை. புதிய அட்டவணையில் அந்த எண் ஏறினால், ராஸ்டர்ஸின் கதை திரும்ப நடக்கும். அடுத்தது, இரு ஷிஃப்ட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் நேரம். ஒருவருக்கு இரண்டரை நிமிடம் என்றால் 20 நோயாளிகளுக்கு 50 நிமிடம். அட்டவணையில் 15 நிமிடமே ஒதுக்கியிருந்தால் ஆறு பேரைப் பற்றித்தான் முறையாகப் பேச முடியும். மீதிப் பதினான்கு பேரும் தாளில் இருக்கும் பெயர்கள். அந்த 50 நிமிடத்துக்குச் சம்பளமும், அழைப்புகளை வேறொருவர் ஏற்கும் ஏற்பாடும் இருந்தால்தான் அது நடக்கும்.

மாற்றத்தின் விளைவை இறப்பைக் கொண்டு அளக்க ஒரு துறையின் நோயாளி எண்ணிக்கை போதாது. 63 திட்டங்களின் எண்ணிக்கையே விளிம்பில்தான் போதுமானதாக இருந்தது. மருந்துப் பிழை, தாமதமான ஆய்வக முடிவு, எதிர்பாராமல் ஐ.சி.யூ.வுக்கு மாற்றியது போன்றவற்றை எண்ணலாம். புதிய பயிற்சி மருத்துவர்கள் சேரும் மாதத்தை அவர்கள் தேறிய பிந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால், அட்டவணை எதுவும் செய்யாவிட்டாலும் பிழைகள் குறைந்ததாகவே தெரியும். எனவே, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆண்டின் அதே மாதங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பிழைகளை எண்ணுபவருக்கு எந்தத் தாள் எந்த அட்டவணைக் காலத்தது என்பதும் தெரியக் கூடாது.